எதை வைச்சு எண்ணுறது? – ஆஸ்கர் ஸ்பேட்டை வாசித்தல்

பள்ளியில் அவுட்லைன் மேப்பில் எல்லை வரையச் சொன்னால் நான் முதலில் ஆற்றைத் தேடுவேன். ஆறு கிடைத்தால் வேலை சுலபம். நீலக் கோட்டை ஒட்டியே கறுப்புக் கோட்டை இழுத்துவிடலாம். இயற்கை பிரித்துவைத்ததை மனுஷன் ஒத்துக்கிட்டான், அவ்வளவுதானே என்று நினைப்பு. அதைக் கலைத்தவர் ஆஸ்கர் ஸ்பேட்.

ஸ்பேட் (1911–2000) லண்டனில் பிறந்த புவியியலாளர். ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தவர். 1947 கோடையில் பஞ்சாப் பிரிவினைக்காக லாகூர் வந்தார். கூப்பிட்டது அஹ்மதியா சமூகம். அவர்களுடைய தலைமையிடமான காதியான் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் இருந்தது. அது பாகிஸ்தானில் சேர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்த வழியில் முஸ்லிம் லீக்குக்கும் அவர் அதிகாரபூர்வமற்ற ஆலோசகர் ஆனார். எல்லை ஆணையத்திலோ புவியியலாளர் ஒருவர்கூட இல்லை. தலைவர் ராட்கிளிஃப் வழக்கறிஞர், மற்ற நால்வரும் நீதிபதிகள்.

முஸ்லிம்களும் முஸ்லிம் அல்லாதோரும் தொடர்ச்சியாகப் பெரும்பான்மை கொண்ட பகுதிகளைக் கண்டறிந்து பிரிக்க வேண்டும், ‘பிற காரணிகளையும்’ கணக்கில் கொள்ள வேண்டும் என்பதுதான் ஆணையத்துக்குத் தரப்பட்ட வேலை. எந்தக் காரணிகள் என்று சொல்லவில்லை. சரி, பெரும்பான்மையை எதை வைச்சு எண்ணுறது? மாவட்டமா, தாலுகாவா? அதையும் சொல்லவில்லை.

குர்தாஸ்பூரையே பாருங்கள். 1941 கணக்குப்படி மாவட்டம் முழுவதையும் எண்ணினால் முஸ்லிம்கள் 51 சதவீதத்துக்குச் சற்று மேல். தாலுகாவாக எண்ணினால் நான்கில் மூன்றில் முஸ்லிம் பெரும்பான்மை, பதான்கோட்டில் இல்லை. ஆகஸ்ட் 17 அன்று தீர்ப்பு வெளியானபோது ஷக்கர்கர் மட்டும் பாகிஸ்தானுக்குப் போயிற்று. காதியான் இந்தியாவில். சட்லெஜுக்குக் கிழக்கே முஸ்லிம் பெரும்பான்மை இருந்த தாலுகாக்களும் இந்தியாவுக்கே வந்தன. ரயில் தொடர்பும் நீர் அமைப்பும் குலையக் கூடாது என்று ராட்கிளிஃப் காரணம் எழுதினார். ஆனால் 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப், பாகிஸ்தான் கால்வாய்களுக்குப் போகும் தண்ணீரை நிறுத்தியது. எல்லை ஆற்றையொட்டி ஓடுவது போலத் தெரியும் இடங்களிலும் தீர்ப்பு சொன்னது ஆற்றின் ஓட்டத்தை அல்ல, காகிதத்தில் இருந்த நிர்வாக எல்லையை. என் நீலக் கோடு அங்கேயே அழிந்துவிட்டது.

பஞ்சாப், வங்கப் பிரிவினை பற்றி ஸ்பேட் அதே 1947இல் லண்டனின் ‘ஜியாகிரஃபிகல் ஜர்னல்’ இதழில் எழுதினார். இங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. லீக் தாலுகாவை அலகாக முன்வைத்தது. சட்லெஜுக்குக் கிழக்கே அந்த அலகு அதற்கு லாபம். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொல்ல வந்த அறிஞர், அந்தத் தரப்புக்கு வசதியான அலகை நடுநிலையான அலகாக நமக்குக் காட்ட முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. எதிர்த்தரப்பும் தனக்கு வசதியானதைத்தான் எடுத்துவைத்தது. அலகைத் தேர்ந்தெடுப்பதே அரசியல், அதற்குப் பிறகு வருவதுதான் கணக்கு. தன் தரப்பை ஸ்பேட் ஒளித்துவைக்கவும் இல்லை. 1991இல் வந்த அவருடைய நினைவுநூலின் தலைப்பே வரலாற்றின் ஓரங்களில், பஞ்சாப் முதல் ஃபிஜி வரை என்று பொருள்படுவது.

அதனால்தான் 1954இல் வந்த ‘இந்தியாவும் பாகிஸ்தானும்’ என்ற அவருடைய பெரிய நூலை நான் லாகூருக்கான பதிலாக வாசிக்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்பு வெட்டப்பட்ட இரண்டு நாடுகளும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. நிலம், மக்கள், பொருளாதாரம் என்று போய், கடைசியில் பிரதேசம் பிரதேசமாக விரிகிறது. இங்கே அலகைத் தீர்மானிப்பது வாதி பிரதிவாதி இல்லை. மண்ணும் மழையும் விவசாயமும். பிரதேசமும் ஒருவர் வரைந்த கோடுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்ட யாருக்கும் பாஸ்போர்ட் தேவையில்லை, தவறென்றால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். ராட்கிளிஃப் கோட்டுக்கு அடுத்த பதிப்பு கிடையாது.

பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு பசிபிக் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார் (1979–1988). புதிதாக வருகிறவர்கள் அங்கே போக வேண்டாம். 1947 கட்டுரையையும் 1954 நூலையும் அடுத்தடுத்து வாசித்தால் போதும்.

இப்போதெல்லாம் தொகுதி மறுவரையறை பற்றி ஏதாவது மேப் போனில் வந்தால் கோட்டை அப்புறம்தான் பார்க்கிறேன். எதை வைச்சு எண்ணியிருக்காங்க, யார் எண்ணியிருக்காங்க என்றுதான் முதலில் தேடுகிறேன்.