வரிசையை நீக்கும்போது தெரியும் குறை

பைத்தானோடு சேர்ந்தே வரும் டிகிண்டரில் ஒரு பில் படிவம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பொருளின் பெயர், அளவு, விலை என வரிசைக்கு மூன்று என்ட்ரி பெட்டிகள். ஓரத்தில் ஒரு ‘நீக்கு’ பொத்தான். எத்தனை பொருள் வரும் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். ஆகவே பெட்டிகளை அப்போதைக்கப்போது உருவாக்க வேண்டும். உருவாக்கியதை எங்கே வைப்பது?

பெட்டி1, பெட்டி2 என்று எக்ஸெக் கொண்டு பெயர்களையே உண்டாக்குவதைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். நிரலில் தேடினாலும் அகப்படாத பெயர்கள் அவை. பரவலாகச் சொல்லித்தரப்படும் வழி லிஸ்ட்: பெயர்ப் பெட்டிகளுக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று. சேர்க்க ஓர் அப்பெண்ட் போதும். மொத்தத் தொகைக்கு ஒரு ஸிப், ஒரு கூட்டல். வாடிக்கையாளர் பெயர், ஊர், தொலைபேசி என்று புலங்கள் மாறாத படிவமானால் டிக்‌ஷனரி இன்னும் தெளிவு. புலத்தின் பெயரே சாவி. அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

ஆனால் வரிசையை நீக்க அனுமதித்த கணமே லிஸ்ட் தடுமாறுகிறது. ‘நீக்கு’ பொத்தானுக்காக லூப்பில் எழுதிய லாம்ப்டா, வரிசை எண்ணை அழைக்கப்படும் நேரத்தில்தான் பார்க்கும். அதனால் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கடைசி வரிசையே போகும். எண்ணை டிஃபால்ட் மதிப்பாகப் பிடித்துவைத்தால் இது தீரும் என்பார்கள். பாதிதான் தீரும். மூன்றாம் வரிசை போனபின் நான்காவது, லிஸ்டில் மூன்றாவதாகிவிடுகிறது; அதன் பொத்தானோ இன்னும் நான்கையே நினைவில் வைத்திருக்கிறது. அமுக்கினால் அடுத்த பொருள் போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது. பில் தொகை மட்டும் தவறும். இதற்கு மாறாக, டெஸ்ட்ராய் செய்த பெட்டியை லிஸ்டிலிருந்து எடுக்க மறந்தால், அடுத்த கெட் அழைப்பிலேயே டிசிஎல் பிழை எழும். சத்தம் போடும் பிழையே மேல் என்பேன்.

என் தீர்ப்பு, வரிசை ஒவ்வொன்றும் ஒரு கிளாஸின் ஆப்ஜெக்டாக இருக்க வேண்டும் என்பதே. தன் பெட்டிகளையும் தன் தொகையையும் அதுவே அறியும். பொத்தான் அதன் நீக்கும் மெத்தடையே நேராக அழைக்கும். எண்ணுக்கு இடமில்லை. அதிலும் ஒரு பள்ளம் உண்டு. கிளாஸை ஃபிரேமிலிருந்து பெறுவது வழக்கம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி கிரிட். ஒரு வரிசையில் 90.00, அடுத்ததில் 12,500.00 என்று தொகையைக் காட்டும் லேபிளின் அகலம் மாறினால் பத்திகள் கோணும், தலைப்புகளோடும் பொருந்தாது. கிரிட்டின் யூனிஃபார்ம் அமைப்பும் ஒரே ஃபிரேமுக்குள்தான் செல்லும். அதனால் கிளாஸ் ஃபிரேமாக இல்லாமல், பெட்டிகளைப் பொது ஃபிரேமில் கிரிட் செய்வது நல்லது. நீக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே அழிக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பு தகும். காலியான கிரிட் வரிசை உயரமின்றி ஒடுங்கிவிடுவதால் மற்றவற்றுக்கு எண்ணை மாற்ற வேண்டாம். புதிய வரிசைக்கான எண்ணை மட்டும் ஏறிக்கொண்டே போகும் கவுண்டரிலிருந்து எடுக்க வேண்டும். லிஸ்டின் நீளத்தை எண்ணாக எடுத்தால், இடையில் ஒன்றை நீக்கியபின் சேர்ப்பது ஏற்கனவே உள்ள வரிசையின் மேல் போய் உட்காரும்.

நூற்றுக்கணக்கான வரிசைகள் வருமானால் இந்த வழியும் கனக்கும். அங்கே ட்ரீவியூ பொருத்தம். அதன் கட்டத்துக்குள் நேராகத் தட்டச்சு செய்யும் வசதி இல்லாததால், திருத்தும்போது ஓர் என்ட்ரியை அதன்மேல் நாமே வைக்க வேண்டியிருக்கும்.