ஒருநாள் பேரணியும் நெடுநாள் முற்றுகையும்

போரின் வகைகளை ஆராய்வது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் போரை அது நிகழும் முறையால் வகுத்துக் காட்டுகிறது. திறந்த களத்தில் இரு வேந்தர் நேர்நின்று தத்தம் வலிமையை நிலைநாட்டப் பொருவது தும்பை. பகைவரின் அரணைச் சூழ்ந்து தங்கி, அதனைக் கைப்பற்ற முயல்வது உழிஞை. முன்னதற்கு மறம் போதும். பின்னதற்கு மறத்தோடு சோறும் வேண்டும். வளைத்தோனின் செயல்களையும் அரணுள் அடைபட்டோனின் செயல்களையும் தொல்காப்பியர் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையே அரண்காப்போரின் ஒழுக்கத்தை நொச்சி எனத் தனியே பிரித்தது.

படைக்கலம் ஏந்தாத மக்கள் அரசோடு பொரும் இக்காலத்திலும் இவ்விரு முறைகளும் வேறு வடிவில் வழங்குகின்றன. குறித்த நாளில் திரண்டு, கோரிக்கையை முழங்கி, மாலையில் கலைவது பேரணி. ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு, அங்கேயே உண்டு உறங்கி, விடை கிடைக்கும்வரை எழ மறுப்பது முற்றுகை. பேரணி ஒருநாள் திருவிழா என்றும் முற்றுகையே மெய்யான போராட்டம் என்றும் கூறுவோர் பலர். இக்கூற்று வரலாற்றின் முன் நிற்குமா என்பது ஆராயத்தக்கது.

ஒரே நகரம், இரு முடிவுகள்

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அமெரிக்கத் தலைநகரமாகிய வாஷிங்டனில், லிங்கன் நினைவகத்தின் முன் ஏறத்தாழ 250,000 மக்கள் கூடினர். வேலையும் விடுதலையும் அவர்தம் கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ப் அதற்குத் தலைமை ஏற்றார்; பேயார்ட் ரஸ்டின் ஏற்பாடுகளைக் கவனித்தார். பேருந்து, குடிநீர், கழிப்பிடம், மதிய உணவு என ஒவ்வொன்றும் முன்னரே கணக்கிடப்பட்டது. பொழுது சாய்ந்ததும் மக்கள் அமைதியாக ஊர் திரும்பினர். மால்கம் எக்ஸ் அதனைக் கேலிக்கூத்து என்று இகழ்ந்தார். எனினும் 1964இல் குடியுரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின.

ஐந்தாண்டுகளுக்குப் பின் அதே நினைவகத்தின் அருகே, நீண்ட நீர்த்தடாகத்தின் ஓரத்தில், ஒரு முற்றுகை தொடங்கிற்று. மார்ட்டின் லூதர் கிங் திட்டமிட்ட ஏழை மக்கள் இயக்கம் அது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், ரால்ப் அபர்நாதி தலைமை தாங்கினார். மே மாதத்தில் ஒட்டுப்பலகைக் குடில்கள் எழுந்தன. ‘உயிர்த்தெழுந்த நகரம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். உச்ச நிலையில் ஏறத்தாழ 3,000 பேர் அங்கு வாழ்ந்தனர். மழை விடாது பெய்தது, நிலம் சேறாயிற்று, நாட்கள் செல்லச் செல்ல மக்கள் குறைந்தனர். ஜூன் 24ஆம் நாள் காவலர் புகுந்து எஞ்சியோரை அகற்றினர். ஏறத்தாழ ஆறு வாரம் நீடித்த அம்முற்றுகை தன் பெருங்கோரிக்கைகள் எதனையும் வெல்லவில்லை.

ஒரே மண்ணில் ஒருநாள் வென்றது. நாற்பது நாள் தோற்றது. இதற்குக் காரணம் காலத்தின் நீளம் அன்று என்பது தெளிவு. 1963ஆம் ஆண்டுப் பேரணி உண்மையில் ஒருநாள் நிகழ்ச்சியே அன்று. அதன் பின்னே மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்து ஏறாது நடந்த நடை இருந்தது. அவ்வாண்டின் வசந்தகாலத்தில் பர்மிங்காம் நகரத் தெருக்களில் சிறுவர்மீது பாய்ச்சிய நீரும் ஏவிய நாய்களும் நாட்டின் மனச்சான்றை உலுக்கியிருந்தன. குடியுரிமைச் சட்ட முன்வரைவு ஜூன் மாதத்திலேயே நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. பேரணிக்குப் பின்னும் போராட்டம் ஓயவில்லை. வாக்குரிமைச் சட்டம் செல்மா நகரத்துப் போராட்டத்தின் பின்னரே வந்தது. எனவே அப்பேரணி, நெடுங்காலம் வளர்ந்த மரத்தில் ஒருநாள் தோன்றிய மலர் எனலாம்.

1968இன் முற்றுகைக்கோ அத்தகைய வேர் வாய்க்கவில்லை. வேலை, வருமானம், வீட்டுவசதி, உணவு எனக் கோரிக்கைகள் பலவாய் விரிந்து, பல அரசுத் துறைகளை நோக்கிச் சிதறின. ஜூன் 19ஆம் நாள் நடைபெறவிருந்த ஆதரவுப் பேரணியை ஒழுங்கு செய்ய அதே ரஸ்டின் அழைக்கப்பட்டார். அவர் கோரிக்கைகளைச் சுருக்கி வரையறுக்க முயன்றார். தலைவர்களோடு கருத்து வேறுபட்டு விலகினார். வந்து தங்கியோரில் பலர் மிசிசிப்பி முதலிய தொலைவான மாநிலங்களின் வறியோர். அவர்களுக்குப் பின்னிருந்து நாள்தோறும் உணவும் ஆளும் அனுப்பவல்ல ஊர் எதுவும் அருகில் இல்லை.

பயன் தராத பெருந்திரள்

பேரணிதான் சிறந்தது என்று இதனால் முடிவுகட்டுதலும் பொருந்தாது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், ஈராக் போரை எதிர்த்து உலகின் பல நூறு நகரங்களில் ஒரே வேளையில் பேரணிகள் நடந்தன. இலண்டனிலும் ரோமாபுரியிலும் திரண்டோர் தொகை பல இலட்சம். உலகம் அதற்குமுன் அத்தகைய திரளைக் கண்டதில்லை. ஆயினும் மார்ச் 20ஆம் நாள் போர் தொடங்கிவிட்டது. மறுநாள் என்ன செய்வது என்பதற்கு அத்திரளிடம் விடை இல்லை என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர். ஒருநாள் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள எந்த அரசாலும் முடியும்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1941இல் போர்த்தளவாடத் தொழில்களில் நிற வேற்றுமையை எதிர்த்து வாஷிங்டனில் பேரணி நடத்தப்போவதாக இதே ராண்டால்ப் அறிவித்தார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஜூன் மாதத்தில் அவ்வேற்றுமையைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார், பேரணி கைவிடப்பட்டது. நடந்த பேரணி ஒன்று தோற்க, நடவாத பேரணி ஒன்று வென்றது. சொன்னதைச் செய்து முடிக்கும் அமைப்பு பின்னே உண்டு என்னும் அச்சமே பேரணியின் படைக்கலம்.

டில்லி எல்லையில் உழிஞை

வென்ற முற்றுகைக்குச் சான்று டில்லி உழவர் போராட்டம். 2020 செப்டம்பரில் இந்திய அரசு நிறைவேற்றிய மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து, பஞ்சாப், அரியானா முதலிய மாநிலங்களின் உழவர் நவம்பர் 26ஆம் நாள் தலைநகரை நோக்கிப் புறப்பட்டனர். சிங்கு, திக்ரி, காசிப்பூர் ஆகிய எல்லைகளில் நெடுஞ்சாலைகளிலேயே தங்கினர். டிராக்டர் இழுத்துவந்த வண்டிகள் வீடுகளாயின. சீக்கியரின் லங்கர் எனப்படும் பொது அடுக்களை வந்தோர்க்கெல்லாம் உணவளித்தது. ஊரில் அறுவடை நின்றுவிடாதபடி, சிற்றூர்கள் முறைவைத்து ஆட்களை அனுப்பின. சென்றவர் திரும்ப, திரும்பியவர் இடத்தில் பிறர் அமர்ந்தனர்.

பறம்பு மலையை மூவேந்தர் முற்றியபோது கபிலர் கூறியது இங்கு நினைக்கத்தக்கது. மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழாமலே விளையும் மலையை வலிமையால் கொள்ள இயலாது என்பது அவர் வாதம். டில்லி எல்லையிலோ, முற்றியவரே உணவை விளைவிப்பவர். அவர்கள் தலைநகரைச் சூழ்ந்தனர். காவலர் இட்ட கம்பிவேலியும் ஆணிப்பலகையும் அவர்களைச் சூழ்ந்தன. வளைத்தோனும் வளைக்கப்பட்டோனும் ஒருவரே ஆயினர். இரண்டையும் ஒரே திணையாகக் கண்ட தொல்காப்பியரின் நுண்மை இங்கே விளங்கும்.

2021 ஜனவரியில் சட்டங்களை ஒன்றரை ஆண்டு நிறுத்திவைப்பதாக அரசு சொன்னபோதும் உழவர் இசையவில்லை. மூன்று சட்டங்களையும் நீக்குக என்னும் தலைமைக் கோரிக்கையைத் தளர்த்தவில்லை. நவம்பர் 19ஆம் நாள் பிரதமர் நீக்கத்தை அறிவித்தார். 29ஆம் நாள் நாடாளுமன்றம் அதனை நிறைவேற்றியது. டிசம்பரில் உழவர் வீடு திரும்பினர். உத்தரப் பிரதேசம், பஞ்சாப் ஆகிய மாநிலங்களின் தேர்தல் அண்மையில் இருந்ததும் இவ்வெற்றிக்குத் துணைநின்றது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உறுதி வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறாமலே நின்றது.

இவ்விரு முற்றுகைகளிலும் நடுவே ஒரு பேரணி நிகழ்ந்தது. 1968 ஜூன் 19ஆம் நாள் ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். சோர்ந்த முற்றுகையின் மிகச் சிறந்த நாள் அதுவே. 2021 ஜனவரி 26ஆம் நாள் டில்லியில் டிராக்டர் பேரணி நடந்தது. ஒரு பகுதியினர் பாதை மாறிச் செங்கோட்டைக்குள் புகுந்தனர், கலவரம் மூண்டது. உறுதியான முற்றுகையின் மிகத் தாழ்ந்த நாள் அது. பேரணி முதல் முற்றுகையைக் காக்க இயலவில்லை. இரண்டாவதை அழிக்கவும் இயலவில்லை.

மதிப்பீடு

ஆகவே பேரணியா முற்றுகையா என்னும் வினா பிழையாக எழுப்பப்பட்ட வினா. பேரணியின் வலிமை அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில் இருக்கிறது. முற்றுகையின் வலிமை, ஒவ்வொரு நாளும் அதற்கு ஆளும் உணவும் அனுப்பும் ஊர்களில் இருக்கிறது. இரண்டுமே நிழற்படத்தில் விழாதவை. திரண்ட தலைகளை எண்ணுவோரும் கழிந்த நாட்களை எண்ணுவோரும் காணத் தவறுவது இதனையே.

இன்னொன்றும் மறக்கத்தக்கதன்று. பேரணியில் கலந்தவன் இழப்பது பெரும்பாலும் ஒருநாள் கூலி. முற்றுகையில் அமர்ந்தவன் தன் உடலையே பணயம் வைக்கிறான். டில்லியின் பனியிலும் வெயிலிலும் பெருந்தொற்றுக் காலத்திலும் எழுநூறு உழவருக்கு மேல் மாண்டனர் என்பது உழவர் சங்கங்களின் கணக்கு. தொலைவில் இருந்து முற்றுகையைப் புகழ்வோர் இக்கணக்கையும் சேர்த்தே புகழவேண்டும். பின்னின்று ஊட்டும் ஊர் இல்லாத மக்களை நெடுநாள் களத்தில் அமரச் சொல்லும் தலைவன், உழிஞைப் பூவைச் சூடினானேயன்றி உழிஞையின் இலக்கணத்தைக் கற்றானல்லன்.