தவில் வீட்டுச் சொற்கள்

திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளின் தந்தை சிவராமன் நட்டுவனார். ஆட்டத்துக்கு ஜதி சொல்லும் வீட்டில் பிறந்த அந்தப் பெண் கையில் எடுத்தது மிருதங்கம். மேடையில் பெண்கள் மிருதங்கம் வாசிப்பதே அரிதாயிருந்த காலம் அது. குரு, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை.

அந்த குரு முதலில் அரண்மனைக் காவலராக இருந்தவர். அவருக்கும் குருவான மான்பூண்டியா பிள்ளை கோயில் விளக்குத் தூக்கியவர் என்பார்கள். மாரியப்பத் தவில்காரரிடம் லயம் பயின்றார். தவிலின் கணக்கை ஒற்றைக் கைக்குள் அடக்கிக் கஞ்சிராவைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் அவரே.

கஞ்சிராவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பலாமரச் சட்டம், மரபாக உடும்புத் தோல், சலங்கை போல ஒலிக்க ஒரு துளையில் சில நாணயங்கள். உள்பக்கம் தண்ணீர் தடவினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பிடித்திருக்கும் கையின் விரல்கள் தோலை அழுத்தியும் விட்டும் கும்கி என்னும் வளையும் நாதத்தை எழுப்பும். இத்தனை சிறிய வாத்தியத்தில் இவ்வளவு கனமா என்று வியக்காமல் இருக்க முடியாது!

மான்பூண்டியாவிடம் பயின்ற தவில் வித்வான் பழனி முத்தையா பிள்ளையின் மகன் சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). மிருதங்கத்தில் இடக்கை வாசிப்பு என்பதால் அவருக்காக வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது. பலர் தயங்க, பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் துணை நின்றார். பாடகர்களான ஆலத்தூர் சகோதரர்களுக்குச் சுப்பிரமணிய பிள்ளை வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியின் நாதத்தைக் கூர்ந்து கேட்டால் தவில் வீடு தெரியும்.