அறிவியல் உரைநடையில் தெளிவு: இராஜசேகர் பாசுவின் கொள்கை – ஒரு மதிப்பீடு

கொல்கத்தாவின் பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தில் 1903இல் வேதியியலராகச் சேர்ந்தவர் இராஜசேகர் பாசு (1880-1960). 'பரசுராம்' என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதியவர். 'சலந்திகா' என்னும் வங்க அகராதியைத் தொகுத்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கலைச்சொற்பணியில் 1930களில் பங்காற்றியவர். தொழிற்சாலை, அகராதி, இலக்கியம் ஆகிய மூன்றையும் அறிந்த அவர், வங்க மொழியில் அறிவியல் எழுதுவது பற்றிக் கூறிய கருத்துகள் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கும் பயன்படுவன. அவற்றின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கிலம் அறியாதவர், ஆங்கிலவழி அறிவியல் கற்றவர் என அவர் வாசகரை இரு வகையினராகப் பிரிக்கிறார். பின்னவர்க்குப் பழகிப்போன ஆங்கிலமே தடையாகிறது என்பது அவர் கண்ட நுட்பம். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதிப்பொருள் தேடும் போக்கினை அவர் மறுக்கிறார். ஒளிப்படத்தாளைக் குறிக்கும் அடைமொழியை நேராகப் பெயர்த்தால், அத்தாள் எளிதில் மனம் புண்படும் இயல்புடையதாகிவிடும்! கலைச்சொற்களைத் தனித்தனியே ஆக்குவதினும் அறிவியலாரும் மொழியியலாரும் எழுத்தாளரும் கூடி ஆக்குவதே ஒருமைப்பாட்டைத் தரும் என்பதும் அவர் துணிபு. இவை இன்றும் ஏற்கத்தக்கன.

அறிவியல் எழுத்துக்கு நேர்ப்பொருளே உரியது, அணிகள் இயன்றவரை விலக்கத்தக்கன என்னும் கருத்தினை அவ்வாறே ஏற்பதற்கில்லை. 'மின்னோட்டம்' என்னும் நம் கலைச்சொல்லே ஓர் உருவகந்தான். ஆகவே விலக்கத்தக்கது உருவகமன்று. பொருளை விளக்காது நிற்கும் அலங்காரமே.

வாக்கிய அமைப்பில் நேரும் குறைகளை அவர் பெரும்பாலும் ஆங்கிலத் தாக்கமாகவே காண்கிறார். தமிழில் குறை மொழியின் உள்ளிருந்தும் எழக்கூடும். இயந்திரக் கையேட்டுக்குரிய ஒரு வாக்கியத்தைக் கொள்வோம்: 'மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே திறக்க வேண்டிய மூடியின் உட்புறத்திலுள்ள திருகைத் தளர்த்தவும்.' இதில் ஆங்கிலச் சாயல் இல்லை; இலக்கணப் பிழையும் இல்லை. எனினும் உயிர்காக்கும் எச்சரிக்கை, மூடிக்கு அடையாக வரும் பெயரெச்சத் தொடருள் மறைந்துவிடுகிறது. முதன்மை வினை திருகைப் பற்றியதாகவே நிற்கிறது.

'முதலில் மின்னிணைப்பைத் துண்டிக்கவும். பின்னர் மூடியைத் திறக்கவும். அதன் உட்புறத்திலுள்ள திருகைத் தளர்த்தவும்' எனப் பிரித்தால், செயலின் வரிசையே வாக்கியத்தின் வரிசையாகிறது. எச்சரிக்கையும் வினைமுற்றின் வலிமையைப் பெறுகிறது. சொற்கள் சற்றே மிகுகின்றன என்பது உண்மை. நன்னூலார் நூலின் அழகுகளுள் சுருக்கத்தையும் விளக்கத்தையும் வெவ்வேறாக எண்ணியது இங்கு நினைக்கத்தக்கது. இரண்டும் முரணும் இடத்தில் கையேட்டாசிரியன் விளக்கத்தின் பக்கமே நிற்றல் வேண்டும்.

தொழில்நுட்ப எழுத்து தனித் தொழிலாக வளர்ந்துள்ள இக்காலத்தும், தமிழ்க் கையேடு பெரும்பாலும் முடிந்துபோன ஆங்கில மூலத்தின் பெயர்ப்பாகவே பிறக்கிறது. கலைச்சொற் பட்டியல் மட்டும் இந்நிலையை மாற்றாது. கருவியை இயக்குபவனைக் கொண்டே வாக்கியத்தைச் சோதிக்கும் முறை வேண்டும். அவன் படித்துப் பிழையின்றிச் செய்வானாயின், அதுவே தெளிவுக்குச் சான்று.