பிரீதர் சொல்லும் சேதி

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் பைக்கின் பிரீதர் ஆயிலைக் கக்குகிறது என்றதுமே, ரிங்கு போச்சு, போர் போட்டாக வேண்டும் என்று தீர்ப்பு எழுதுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள அந்த ஒற்றைப் பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 346 சிசி காற்றைக் கிராங்க் கேஸுக்குள் அமுக்குகிறது. ஈடுகட்ட மேலேறும் இன்னொரு பிஸ்டன் இல்லை. அந்தக் காற்றுக்கு முறையான வாசல் பிரீதர்தான். அங்கே என்ன வருகிறது, எப்படி வருகிறது என்று படிக்கத் தெரிந்தவருக்கு ஸ்பானரைத் தொடும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த வாசலில் என் மனம் தங்குகிற இடம், வாத்தின் அலகு போன்ற டக்பில் ரப்பர். அந்த எஞ்சினில் அதைவிட மலிவான, அதைவிட அழகான பாகம் எனக்குத் தெரியவில்லை. பிஸ்டன் இறங்கும்போது இரண்டு உதடும் பிரிந்து காற்றை விடும், ஏறும்போது ஒட்டிக்கொள்ளும். வெளிக்காற்று திரும்ப நுழையாததால் கிராங்க் கேஸில் லேசான வெற்றிடம் நிலைக்கிறது. அந்த வெற்றிடம் இருக்கும்வரை எண்ணெய் மூட்டுகளைத் தாண்டி வெளியே வரத் தயங்கும். டைமிங் கவர் ஓரம், சிலிண்டர் அடி, ராக்கர் மூடி என்று கேஸ்கெட் மாற்றி மாற்றி அலுத்த வண்டிகள், இந்த ரப்பரை மாற்றியதும் உலர்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஐட்லிங்கில் அதன் வாயில் விரலை வையுங்கள். காற்று மெல்லத் தட்டித் தட்டி விலக வேண்டும். விரலை உள்ளே இழுத்தால் உதடு விறைத்துவிட்டது என்று பொருள்.

1956 முதல் இந்த வண்டியைக் கட்டிய திருவொற்றியூரை ஒட்டிய ஒரு பட்டறையில், பெரியவர் ஒருவர் இதையே முதல் சோதனையாக வைத்திருந்தார். அடுத்த கேள்வி, வண்டி எத்தனை நாள் நின்றது என்பது. நின்ற வண்டியில் ஆயில் டேங்கில் இருப்பது பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் கேஸில் சேரும். காலையில் டிப் ஸ்டிக்கில் அளவு குறைந்து தெரியும். பதறிப்போய் மேலும் ஊற்றினால், ஸ்டார்ட் ஆனதும் மிகுந்ததெல்லாம் பிரீதரில் கொட்டும். "மொதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க தம்பி, அப்புறம் அளவு பாருங்க" என்பார். ஓடி வந்ததும் கசிவு நின்றுவிட்டால் அன்றைக்கு அவருக்கு வேலையே இல்லை.

நிற்காவிட்டால்தான் அவருடைய ரசனை வெளிப்படும். வருவதைத் துணியில் ஏந்திப் பார்ப்பார். சுத்தமான ஆயில், அதுவும் ஸ்டார்ட் பண்ணியதும் மட்டும் வந்தால், பம்ப் டிஸ்க் சரியாக உட்காரவில்லை; நைஸ் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைப்பார். ஓட ஓட விடாமல் வந்தால் ரிட்டர்ன் பம்ப் மேல் சந்தேகம். ராக்கருக்குப் போகும் பைப்பின் பேஞ்சோ போல்ட்டைத் தளர்த்தி எண்ணெய் துடித்து வருகிறதா என்று பார்ப்பார். வெளுத்த நுரை என்றால் ஈரம். தினமும் கடைத்தெரு வரைக்கும் ஓட்டி, சூடேறும் முன்பே நிறுத்தும் வண்டி அது. புகையும் கருகிய வாசனையும் கலந்து பலமாக அடித்தால் மட்டுமே கம்ப்ரஷன் பார்ப்பார். ரிங்கு அவருடைய வரிசையில் கடைசி.

பிரீதரை நேராகக் காற்று வடிகட்டிக்குள் விடுகிறவர்கள், கார் பிசிவி வால்வு மாட்டுகிறவர்கள் எல்லாரிடமும் நியாயம் இருக்கிறது. பிசிவி வால்வு உழைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மந்தமான ஐட்லிங்கின் ஒவ்வொரு துடிப்புக்கும் இசைந்து திறக்கும் இணக்கம் அந்த ரப்பர் உதட்டுக்கே உண்டு என்பது என் கட்சி. குழாயின் முனையை அடைத்துவிடுவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. அடைத்த அழுத்தம் சீலைப் பிதுக்கிக்கொண்டு வேறிடத்தில் வரும். ஆயில் சிந்தினால்தான் புல்லட் என்று பெருமை பேசுவதும் எனக்கு உவப்பில்லை. இந்த எஞ்சினை வரைந்தவர்கள் சிந்தாமல் இருக்கத்தான் இவ்வளவு நுட்பம் வைத்தார்கள்.

இப்போது கடையில் கிடைக்கும் டக்பில் பலவும் வெறும் பேருக்கு ரப்பர். புதிதிலேயே விறைப்பு; உதடு முழுதாக மூடுவதில்லை; சில மாதத்தில் வெடிப்பு. பிரீதரில் வரும் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேன் உள்ள வண்டிகளில் எண்ணெய் திரும்பும் சிறு குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்கவும் இன்று யாருக்கும் பொறுமை இல்லை. சகதி அடைத்து, கேன் நிரம்பி வழிந்தாலும் பழி சிலிண்டர் மேல் விழுகிறது. நல்ல போரை அநியாயமாக அரைத்துப் பெரிதாக்குகிறார்கள். அரைத்த இரும்பு திரும்பி வராது.

ஆகவே ரப்பர் வாங்கும்போது கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வாயில் வைத்து இரண்டு பக்கமும் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் தடையில்லாமல் போக வேண்டும், மறுபக்கம் துளியும் போகக் கூடாது. தேறாததைத் திருப்பிக் கொடுங்கள். நாம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால்தான் நல்ல ரப்பர் மறுபடி கடைக்கு வரும்.