ரோதேன் கண்ட திருக்கூத்து

பிரெஞ்சு தேசத்துப் பெருஞ்சிற்பியாகிய ரோதேன் சென்னை அரும்பொருட்காட்சிச்சாலையிலுள்ள கூத்தப்பெருமான் திருமேனிகளைக் குறித்து ஒரு சிறு கட்டுரை வரைந்தனர். 1913-ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற அஃது, அவர் 1917-இல் மறைந்த பின்னர், 1921-இல் ‘ஆர்ஸ் ஆசியாதிகா’ என்னும் வரிசையின் மூன்றாந் தொகுதியில் வெளிவந்தது. அவர் இந்நாட்டிற்கு வந்தவரல்லர். திருவாலங்காட்டினின்று கிடைத்த செப்புத் திருமேனியை நிழற்படங்களிலேயே கண்டு எழுதினர். கலை விரும்பிக் காட்சிச்சாலை புகுவார் பலர், அக்கட்டுரையை அறிந்தோ அறியாமலோ, அதன் வழியிலேயே இன்றும் அத்திருமேனிமுன் நிற்கின்றனர். ஆதலின் அதன் தகவும் தகவின்மையும் ஆராயற்பாலன.

முதற்கண் அதன் தகவு கூறுதல் முறை. மேனாட்டார் பலர் நம்மவர் திருவுருவங்களைப் பல கைகளையுடைய விகாரங்கள் என்று இகழ்ந்த காலம் அது. அந்நாளில் ஒரு முதுசிற்பி, தம் தொழிலின் முழுப்பயிற்சியோடும் பணிவோடும், திருமுகத்தின் பக்கத் தோற்றத்தையும் இதழின் மென்மையையும் காலின் வனப்பையும் உறுப்புறுப்பாகக் கண்டு வியந்தார். ஒளி ஒருபுறம் வீழ மறுபுறத்து நிழல் எவ்வாறு உருவிற்கு உயிர் தருகின்றது என்பதை அவர்போல் நுணுகி நோக்கினார் அரியர். சிற்பநூல் அளவை கூறுவாரும் தலபுராணம் கூறுவாரும் அத்துணைப் பொறுமையோடு ஒரு திருவுருவை நோக்கியதுண்டோ என்பது ஐயமே.

இனி அதன் குறை. ரோதேன் கூத்தப்பெருமானை மெதிசி வீனசு என்னும் யவனச் சிலையோடு ஒப்பிடுகின்றார். அச்சிலை தன் அழகைக் கைகளான் மறைத்துக் காத்து நிற்பது. பெருமானும் அவ்வாறே கையின் ஓர் அழகிய அசைவினால் தம்மைக் காத்துக்கொள்வார் போலும் என்பது அவர் கருத்து. மார்பின் குறுக்கே வீசப்பட்ட இடக்கரத்தைக் கண்ட கண்ணிற்கு அங்ஙனம் தோன்றுதல் இயல்பே. ஆயினும் அக்கரம் மறைப்பதன்று; காட்டுவது. யானைத் துதிக்கை போல் தாழ்ந்து, எடுத்த திருவடியைச் சுட்டி, அடைக்கலம் புகுமிடம் ஈதென்று உணர்த்துவது. திருவதிகை மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கம், திருவைந்தெழுத்தைத் திருக்கூத்தின் உறுப்புக்களில் வைத்துக் கூறுமிடத்துத் துடியைச் சிகரமாகவும், வீசிய கரத்தை வகரமாகவும், அபய கரத்தை யகரமாகவும், தீயேந்திய கரத்தை நகரமாகவும், முயலகனை மகரமாகவும் வகுக்கின்றது. வகரமாவது திருவருள். அருளைக் குறிக்கும் கையை நாணத்தைக் குறிக்கும் கையாகக் கொண்டமை சிறு வழுவன்று. கூத்தின் பொருளே தலைகீழாயிற்று: உயிர்க்குத் தன்னைக் கொடுக்கும் முதல்வன் உயிரினின்று தன்னைக் காப்பவன் ஆயினான்.

அழகிற்கும் பொருளிற்கும் தொடர்பின்று, பொருளறியாதவிடத்தும் அழகு அழகே எனின், அது பொருந்தாது. அக்கையின் நீட்சியும் மணிக்கட்டின் மடிவும் விரல்களின் தாழ்வும் திருவடி நோக்கியே அமைந்தன. சிற்பி எதனைக் கருதி அக்கோட்டை வளைத்தான் என்றறியாதவழிக் கோட்டின் முடிவிடம் எதுவென்பதும் தெரியாது. பொருள் ஈண்டு அழகிற்குப் புறம்பானதன்று.

மற்றொன்றும் உளது. திருவாலங்காட்டுத் திருமேனிக்கு இன்று திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. உறுப்புக்களைச் சூழ்ந்த வெறுவெளியைக் காட்சிச்சாலை காண்பார் பெரிதும் புகழ்வர். உண்மை விளக்கமோ திருவாசியை ஓங்காரமாகவும் அதனுள் நிறைந்த சுடரை ஐந்தெழுத்தாகவும் கூறும். அவர் புகழும் வெளி இழப்பினால் நேர்ந்த வெளி என்பதை ஒரு சிற்றட்டையேனும் அவர்க்குச் சொல்லுதல் வேண்டும்.

கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசாமி 1912-இல் சித்தாந்த தீபிகையில் எழுதி, 1918-இல் நியூயார்க்கில் நூலாக்கிய ‘சிவநடனம்’ இக்குறையை நிரப்பிற்று. அவர் உண்மை விளக்கத்தை எடுத்துக்காட்டி, கூத்து உலகியக்கத்தின் மூலம் என்றும், உயிர்களைக் கட்டினின்று விடுவிப்பது என்றும், அதன் இடமாகிய தில்லை உள்ளத்தே உளது என்றும் மூன்று கூறினர். பின்வந்தோர் முதலாவதை மட்டும் பற்றிக்கொண்டனர். 2004-இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் இந்திய அரசு நிறுவிய 2 மீட்டர் உயரத் திருவுருவின்முன் பேசப்படுவதெல்லாம் அணுக்களின் ஆட்டமே. முயலகன் அங்கும் திருவடிக்கீழ்க் கிடக்கின்றான், அவனைக் கேட்பாரில்லை.

வியப்பு யாதெனின், இடத்தின் இன்றியமையாமையை ரோதேன் தம் சிற்பத்திற்கு நன்கு அறிந்திருந்தார். கலே நகரத்தார்க்கு அவர் வார்த்த அறுவர் சிற்பத்தைத் தெருவினர் இடித்துக்கொண்டு செல்லுமாறு தரைமட்டத்தில் வைக்க விரும்பினர். நகரத்தார் 1895-இல் உயர்ந்த பீடத்தின்மேல் ஏற்றினர். 1924-இல், அவர் மறைந்து ஏழாண்டுகட்குப் பின்னரே, அது கீழிறக்கப்பட்டது. பாரிசில் அவர் பெயரால் 1919-இல் திறக்கப்பட்ட காட்சிச்சாலையின் தோட்டத்தில் அவர் வார்ப்புக்கள் மரநிழலிலும் வெயிலிலும் நிற்பதைக் காண்பார், இடம் சிற்பத்தின் ஒரு பாதி என்று உணர்வர். அப்பாதியைத் திருவாலங்காட்டுச் சிற்பிக்கு அளிக்க ஒரு நிழற்படத்தால் இயலவில்லை.

அற்றேல், சைவர் காட்சிச்சாலை புகலாகாதோ எனின், அன்று. கோயிலிற் பட்டும் மாலையும் அணிந்த திருமேனியின் வடிவமைதி திருமுழுக்கின் சில கணங்களிலன்றிப் புலனாகாது. பின்புறம் காண்டல் அடியார்க்கு வாய்ப்பதே அரிது. காட்சிச்சாலையிற் சுற்றிவந்து காணலாம். முதுகின் வளைவு கண்டவர்க்கே முன்புற நிலையின் திண்மை முழுதும் விளங்கும். அவ்வளவிற் காட்சிச்சாலை ஆசிரியனே.

ஆயினும் கண் ஒன்றனையே அளவாகக் கொண்ட சுவைக்கு மற்றொரு முகமும் உண்டு, அது விலை. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் திருக்கோயிலினின்று களவுபோன கூத்தப்பெருமானை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2014-இல் திருமேனி இந்நாட்டிற்கு மீண்டது. இடையே கான்பராவில் அதனை வியந்து நின்றார் எத்துணையோர்! அவர் வியப்புப் பொய்யன்று. எனினும் வெறுமையாய்விட்ட ஒரு கருவறை அவ்வியப்பிற்கு ஒருபோதும் புலப்படவில்லை.

தஞ்சைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு இடபவாகனர் நிற்கின்றார். 1011-ஆம் ஆண்டினதாகக் கல்வெட்டால் அறியப்படுவது அத்திருமேனி. ஒருகால் மடித்து, இடை ஒசிந்து, வலக்கை எளிதிற் சாய்ந்திருக்கும் அந்நிலையைச் சோழர் வார்ப்பின் உச்சி என்பர்; அது மெய்யே. அக்கையின்கீழ் இருந்த விடை கிடைத்திலது. அறிந்தோர் அவ்வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பார்க்கின்றனர். ஏனையோர் கையை மட்டும் பார்த்து அடுத்த பேழைக்குச் செல்கின்றனர்.