கே2-18பி: சான்றின் எடை

சிம்ம மண்டலத்தில், 124 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு செங்குறுமீனை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது கே2-18பி. அதன் காற்றுமண்டலத்தில் உயிரின் தடயம் தென்படக்கூடும் என்று 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது. டைமெத்தில் சல்ஃபைடோ அதன் உறவுச் சேர்மமோ அங்கே இருக்கலாம் என்பது அவர்கள் துணிபு. புவியில் இவற்றை வெளியிடுபவை பெரும்பாலும் கடல் நுண்பாசிகள்.

வாதம் முழுவதும் ஒரு வரைபடத்தின் மேல் நிற்கிறது. கோள் தன் விண்மீனைக் கடக்கையில், காற்றுமண்டலத்தின் விளிம்பை ஊடுருவி வந்த அகச்சிவப்பு ஒளியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பதிவுசெய்தது. வரைபடத்தில் இருப்பவை சிதறிய புள்ளிகள். ஒவ்வொன்றின் மேலும் கீழும் நீண்ட பிழைக்கோடு. தேடப்படும் ஏற்ற இறக்கமோ அந்தக் கோடுகளின் நீளத்தைப் பெரிதாகத் தாண்டவில்லை. அவற்றினூடே டைமெத்தில் சல்ஃபைடின் வளைகோட்டை வரையலாம். ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் காட்டியபடி, வெறும் நேர்கோட்டையும் வரையலாம்.

குழுவின் நேர்மையில் குறையில்லை. தங்கள் முடிவு 3 சிக்மா அளவினதே, கண்டுபிடிப்புக்குரிய 5 சிக்மாவை எட்டவில்லை என்று அவர்களே எழுதினார்கள்; மேலும் 16 முதல் 24 மணி நேர நோக்கல் வேண்டும் என்றார்கள். 2023இல் இதே குழு மீத்தேனை இனங்கண்டது உறுதியான சாதனை. 2019இல் ஹபிள் தரவில் நீராவி என்று கொண்டாடப்பட்டது மீத்தேனாக இருக்கலாம் என்பதும் அதனால் வலுப்பெற்றது.

குறை முறையியலில் இருக்கிறது. 3 சிக்மா என்றால் இத்தகைய குறி தற்செயலாய்த் தோன்ற 0.3 சதவீத வாய்ப்பு. அதைத் திருப்பி, உயிர் இருக்க 99.7 சதவீத வாய்ப்பு என்று படித்தவர்கள் பலர். 0.3 என்ற எண்கூடத் தேர்ந்தெடுத்த மாதிரிக்குள் மட்டுமே பொருள்படும். குழு ஒப்பிட்டவை 20 மூலக்கூறுகள். லூயிஸ் வெல்பேங்க்ஸும் உடனாய்வாளர்களும் பட்டியலை 90ஆக விரித்தபோது, புரொப்பைன் உட்படப் பலவும் அதே புள்ளிகளுக்குப் பொருந்தின. பட்டியலின் நீளத்தைப் பொறுத்து மாறுகிற முடிவை அடையாளம் காணல் என்று ஏற்க முடியாது.

மூலக்கூறு உறுதிப்பட்டாலும் உயிர் உறுதிப்படாது. 67பி வால்மீனில் டைமெத்தில் சல்ஃபைடு இருக்கிறது. ஆய்வகத்தில் உயிரின் துணையின்றியே அது உருவாகியிருக்கிறது. புவியைப்போல் 8 மடங்குக்கு மேல் நிறைகொண்ட இந்தக் கோளில் கடல் உண்டு என்பதே இன்னும் ஒரு கருதுகோள்தான்.

புறக்கோளில் உயிர் என்பது நான் மிக விரும்பிக் காத்திருக்கும் செய்தி. அந்த விருப்பத்துக்காக அளவுகோலைத் தளர்த்த மாட்டேன். 2023இன் மீத்தேன் நிற்கிறது. 2025இன் உயிர்த்தடயம் நிறுவப்படவில்லை.